துணி சுற்றிய கைகள்

எழுபதுகளின் கடைசியில், நாமக்கல் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் நர்ஸ். ஒவ்வொரு பிரசவத்துக்கும் முழங்கை வரை சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, லோஷன் பேசினில் கையை முக்கி எடுக்க வேண்டும். ரப்பர் கையுறை டாக்டருக்கு மட்டும்தான்; அதையும் வேகவைத்து, பவுடர் தடவித் திரும்பத் திரும்ப மாட்டுவார்கள். என் விரல் இடுக்கெல்லாம் கோடையில் காய்ந்த நிலம் மாதிரி வெடித்துக் கிடக்கும். ரசம் சாதம் பிசைந்தால் உயிர் போகும். ஸ்பூனால் சாப்பிடுவேன். "துரைசாணி வந்துட்டாங்க" என்று வார்டில் ஒரே கிண்டல்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. வீட்டுக்காரர் லாரியோடு போய்விடுவார், எனக்கோ மாறி மாறி டியூட்டி. அதனால் அவள் மோகனூரில் என் மூத்த நாத்தனார் வீட்டில் வளர்ந்தாள். லீவு கிடைத்தால் போதும், பஸ் ஏறிவிடுவேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் துடைத்துக் கொடுக்கிறவளுக்கு, தன் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை!

ஒரு ஞாயிறு, மணையில் உட்கார வைத்து முதுகில் கை வைத்தேன். வீல் என்று கத்திவிட்டாள்.

"வேண்டாம்மா! உன்ற கை முள்ளாட்டம் குத்துது. அத்தை தேச்சு உடட்டும்."

குழந்தை பொய்யா சொல்லும்? எண்ணெய்க் கிண்ணத்தை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுதேன். அவர் பின்னாலேயே வந்தார். நைந்த பழைய வேட்டியைக் கிழித்து, என் இரண்டு கையிலும் விரல் தெரியாமல் சுற்றி முடிந்தார்.

"அழுவாத அம்மிணி. இப்பப் போய்த் தேயி, பாக்கலாம்."

தேய்த்தேன். மகள் கத்தவில்லை. நெளிந்து நெளிந்து சிரித்து, "இன்னம் தேயிம்மா" என்றாள். அரப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை துணியை நான் அவிழ்க்கவில்லை. சந்தோஷம்தான். ஆனால் என் பிள்ளையின் முதுகு எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியவில்லையே! நனைந்த துணி வழியே சூடு மட்டும்தான் தெரிந்தது.

ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. கை இப்போது மெத்தென்று இருக்கிறது. மகளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவள் வரும்போதெல்லாம், "வா சாமி, எண்ணெய் வெச்சு உடறேன்" என்று சொல்லத் தொண்டை வரை வரும். சிரிப்பாளோ என்று விழுங்கிவிடுவேன். எத்தனையோ குழந்தைகளை முதன்முதலில் தொட்டுத் தூக்கிய கை இது. அந்த மூன்று வயது முதுகை வெறும் விரலால் ஆசை தீரத் தேய்த்துவிடாத ஏக்கம் மட்டும் இதற்கு இன்னும் தீரவில்லை.