சித்தி வேறு, சின்னம்மா வேறு

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் மாடியில் குடியிருக்கும் பிரிஜெட்டைக் கோபமில்லாத நேரத்தில் பார்ப்பது அரிது. அதற்கு அவள் தொழிலும் ஒரு காரணம். வைட்ஃபீல்டிலுள்ள ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை ஏற்றியிறக்கும் வாகனங்களைத் தொலைபேசி வழியே மேய்ப்பது அவள் வேலை. வீட்டிலிருந்தே பணியாற்றும் நாள்களில், "ரங்கா அண்ணா, அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரைமணி நேரம் ஆச்சு. நீங்க நிக்கிறது ஆபீஸ் வாசலா, உங்க வீட்டு வாசலா?" என்று அவள் கேட்பது எங்கள் சமையலறை வரை ஒலிக்கும். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் தடையின்றி அதட்டத் தெரிந்தவள், ஒரே ஓர் உறவுச் சொல்லால் பட்ட பாடு கொஞ்சமன்று.

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்கு வந்த குடும்பம் அவர்களுடையது. மூத்தவள் மெர்சி, இளையவள் பிரிஜெட். மெர்சி மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவள் மகள் ஷெரினுக்கு எட்டு வயது, மகன் ஜோயலுக்கு மூன்று. மெர்சியின் கணவன் கிறிஸ்டோபர், ஒரு மாதம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிப் பிள்ளைகளைப் பிரிஜெட்டிடம் விட்டுச் சென்றான். அந்த ஒரு மாதம் மூன்றாண்டுகளாக நீண்டது. இதற்கிடையே அவன் நகரத்தின் விளிம்பிலுள்ள ஹெப்பகோடியில் வேலை தேடிக்கொண்டு, மறுமணமும் செய்துகொண்டான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஷெரினை மட்டும் ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றான். திரும்பி வந்தவள் ஒரு பகல் முழுவதும் தூங்கினாள். அங்கே கைக்குழந்தை ஒன்று இருந்தது.

அடுத்த மாதமே கிறிஸ்டோபர் வந்து நின்றான்.

"ஷெரின அனுப்பு பிரிஜெட். அப்பன் வீட்ல இருக்கட்டும்."

"மூணு வருஷமா வராத பாசம் இப்ப எந்த பஸ்ல வந்துச்சு மாமா?"

"என் பொண்ணு. நான் கூப்டறேன்."

"கொழந்தயப் பாத்துக்க ஆள் வேணும். அதச் சொல்லுங்க. ஸ்கூலு?"

"அங்க ஸ்கூலே இல்லியா?"

"எந்த ஸ்கூல்னு பேரச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவன் பெயர் சொல்லவில்லை. ஜோயலை அனுப்பும்படி கேட்கவும் இல்லை. பிள்ளைகளுக்குத் தன்னையே காப்பாளராக நியமிக்க வேண்டுமென்று பிரிஜெட் நீதிமன்றத்தில் மனுச் செய்தது அதன் பிறகுதான்.

பிறகு வாய்தாக்கள் தொடங்கின. ஒருமுறை நீதிபதி விடுப்பு. மறுமுறை கிறிஸ்டோபருக்கு அழைப்பாணை சேரவில்லை. சேர்ந்தபின் அவன் வரவில்லை. அவன் வந்த அன்று அவனுடைய வக்கீல் வரவில்லை. தாமதத்துக்கு ஓட்டுநர்களிடம் காரணம் கேட்டே பழகியவள், இங்கே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

ஒருவழியாக, பிள்ளைகளின் விருப்பத்தை அறிந்து சொல்ல ஆலோசகர் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஷெரின் அவரிடம் தமிழில் பேசினாள். அவர் கன்னடத்தில் குறித்துக்கொண்டார். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. சிறுமி ஆன்ட்டியுடனேயே இருக்க விரும்புகிறாள் என்றது ஒரு பத்தி. ஆன்ட்டியிடம் போக மாட்டேன் என்று அழுதாள் என்றது அடுத்த பத்தி. ஆகவே சிறுமியின் கூற்று முன்னுக்குப்பின் முரணானது என்றும், அவளைத் தந்தையிடம் அனுப்புவதே பொருத்தம் என்றும் அறிக்கை முடிந்திருந்தது.

பிரிஜெட் ஷெரினை உட்காரவைத்துக் கேட்டாள்.

"என்னாடி சொன்ன அந்த மேடம்கிட்ட?"

"சின்னம்மா கூடத்தான் இருப்பேன்னேன். சித்திகிட்ட போ மாட்டேன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. பிள்ளைகளுக்குப் பிரிஜெட் எப்போதும் சின்னம்மா. புது மனைவியைச் சித்தி என்று அழைக்கும்படி கிறிஸ்டோபர் ஷெரினுக்குச் சொல்லியிருந்தான். அகராதியைப் புரட்டினால் இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. தாயின் தங்கைக்கும் தந்தையின் இளைய மனைவிக்கும் இரண்டும் பொருந்தும். வேறுபாடு அப்பிள்ளைகளின் வாயில் மட்டுமே இருந்தது. ஆலோசகரின் கன்னடத்தில் இருவரும் சிக்கம்மா ஆனார்கள். ஆங்கிலத்தில் இருவரும் ஆன்ட்டி ஆனார்கள்.

பிரிஜெட்டின் வக்கீல் காந்தா கன்னடக்காரர், தமிழும் பேசுவார்.

"ஏன் மேடம், ரிப்போர்ட் எழுதுனவங்க ரெண்டு பேர் இருக்காங்களான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கோச்சுக்காதேம்மா. சித்தின்னாலும் சின்னம்மான்னாலும் எங்களுக்குச் சிக்கம்மாதானே?"

"எங்களுக்கும் ஒண்ணுதான் மேடம். எங்க வீட்ல மட்டும் வேற."

"வீட்ல வேறன்னு கோர்ட்ல எப்டி ஆர்க்யூ பண்றது? ஜட்ஜே பசங்கள நேரா கேக்கட்டும்னு அர்ஜி போடறேன். ஆனா சித்தி, சின்னம்மா, ஆன்ட்டி எதுவும் பேடா, வேணாம். பேர் சொல்லணும்."

அன்று மாலையே வீட்டில் அடுத்த வழக்கு தொடங்கியது.

"பெரியவங்க பேர எப்டிச் சொல்றது?" என்றாள் ஷெரின்.

"ஸ்கூல் டைரில கார்டியன்னு போட்டு என் பேர எழுதற இல்ல?"

"அது எழுதறது சின்னம்மா. வாயால சொல்றது வேற."

"இந்த வீட்ல எல்லாமே வேறதான்" என்று பிரிஜெட் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஜோயலுக்கு அந்தத் தயக்கம் இல்லை. "பிரிஜெட், பிரிஜெட்" என்று கட்டிலில் குதித்துக்கொண்டே பயிற்சி செய்தான்.

நீதிபதி பிள்ளைகளைத் தம் அறைக்குள் அழைத்த நாளில், பிரிஜெட்டும் கிறிஸ்டோபரும் தாழ்வாரத்து பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. அவள் தொலைபேசி ஒலித்தது.

"ரங்கா அண்ணா, இன்னிக்கி எங்க வேணும்னாலும் நில்லுங்க" என்று உரக்கச் சொல்லி அதை அணைத்துவிட்டாள்.

உள்ளே நடந்ததைப் பின்னர் காந்தா சொல்லக் கேட்டோம். யாருடன் இருக்க விருப்பம் என்று தமிழ் தெரிந்த அந்த நீதிபதி கேட்டதும் ஷெரின், "சின்ன…" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தாளாம். நீதிபதி காத்திருந்தார்.

"பிரிஜெட்" என்றான் ஜோயல். "எங்க ரெண்டு பேருக்கும் பிரிஜெட்."

"யாரது?"

"வெளிய ஃபோன்ல சத்தம் போட்டாங்களே, அவங்க" என்றாள் ஷெரின், பெயர் சொல்லாமல் தப்பிய நிம்மதியுடன்.

"அப்படியென்றால், யாரிடம் போக மாட்டேன் என்று அழுதாய்?"

"ஹெப்பகோடில இருக்காங்களே, அந்தச் சித்திகிட்ட. பாப்பா எப்ப அழுதாலும் என்னத்தான் எழுப்புவாங்க."

அறிக்கையில் இல்லாத அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் பிரிஜெட்டே காப்பாளர் என்று ஆணையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்டோபர் வந்து பார்த்துப் போகலாம். முதல் ஞாயிறு இஸ்திரி போட்ட உடையுடன் ஷெரின் மாலைவரை காத்திருந்தாள். அவன் வரவில்லை. அன்று நேரத்தில் வந்த ஓட்டுநர்களுக்கும் பிரிஜெட்டிடம் திட்டு விழுந்தது.

இப்போது அவளுக்கு வேறொரு தொல்லை.

"பிரிஜெட், என் சாக்ஸ் எங்க?" என்று எதிர் மாடியிலிருந்து காலையில் ஜோயலின் குரல் எழும்.

"சின்னம்மான்னு கூப்புடுடா."

"பேரு சொல்லணும்னு வக்கீல் ஆன்ட்டி சொன்னாங்க."

"அது கோர்ட்ல, ஒரு நாளைக்கு."

"அப்ப வீட்ல?"

"வீட்ல வேற."

"சரி பிரிஜெட்" என்றான் அவன். சாக்ஸ் ஷூவுக்குள்ளேயே இருக்கிறது, கண்ணைத் திறந்து பார் என்று அவள் அதட்டியது எங்கள் சமையலறை வரை கேட்டது.