படகின் பின்பாரம்

என் அத்திம்பேரை வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எங்கள் கம்பெனித் துரை யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. கல்கத்தாவுக்கு வரவழைத்து, துரையின் காலைப் பிடித்து, அவரைத் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டவன் நான். வேலை போனால் அக்காவும் குழந்தைகளும் அவரோடு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்கே சோற்றுக்கு வழி கிடையாது.

துரையிடம் ஒரு துடுப்புப் படகு இருந்தது. பெண்டாட்டியிடம் காட்டாத பரிவையெல்லாம் அதனிடம் காட்டுவார். மழைக்காலத்துக்கு முன் அதைக் கங்கைத் துறையிலிருந்து அலிப்பூர் பங்களாக் குளத்துக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோக வேண்டும். அந்தப் பொறுப்பை அத்திம்பேரிடம் கொடுத்தார். வண்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு கட்டைகள். படகின் அடிமரம் ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் உட்கார்ந்து முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். வளைந்த பக்கங்களை ஆடாமல் பிடித்துக்கொண்டால் போதும். பக்கங்களுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் திணிக்கத் துரை தடித்த மாட்டுத்தோல் அனுப்பியிருந்தார்.

அத்திம்பேர் அதைத் தொடவில்லை.

"மாட்டுத்தோலைத் தொட்ட கையால நான் சந்தியாவந்தனம் பண்ணணுமா? நம்மாத்துல பழைய வேஷ்டி இல்லையா என்ன?"

"வண்டிக்காரனை வைக்கச் சொல்லுங்கோ."

"அந்த வண்டியைத் தொட்டுண்டு நான்தானேடா நடக்கணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வேஷ்டிகளை மடித்து மடித்துத் திணித்தார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

நானும் வண்டியோடு கூட நடந்தேன். பாதி வழியில் சித்திரை மாதத்துப் புயல்மழை பிடித்துக்கொண்டது. நனைந்த துணி அமுங்கி நழுவியது. படகு சாய்ந்து, பாரமெல்லாம் பின்கட்டையின் விளிம்பில் இறங்கி, பக்கப் பலகை ஒன்று படாரென்று பிளந்தது.

நாங்கள் துறையில் விட்டுவந்த மாட்டுத்தோலையும் எடுத்துக்கொண்டு பின்னால் குதிரையில் வந்த துரை இறங்கிப் பார்த்தார். கத்தவில்லை. பின்கட்டையை உருவி எறியச் சொன்னார். பிறகு அத்திம்பேரிடம், "கோட்டைக் கழற்று, பாபு" என்றார். சட்டையையும் கழற்ற வைத்தார். வெறும் தோளில், பூணூலின் மேலேயே, அந்த மாட்டுத்தோலை மடித்துப் போட்டு, படகின் பின்பக்கத்தை அதன் மேல் இறக்க வைத்தார்.

"இனி நீதான் பின்கட்டை. நட."

நான் தோள் மாற்றிக்கொள்ளப் போனேன். துரை பிரம்பை என் மார்பில் வைத்துத் தள்ளினார். வண்டிக்காரன் சிரித்தான். அலிப்பூர் வரை சேற்றில் அத்திம்பேர் அப்படியே நடந்தார். குதிரை மேல் அந்தக் கல்நெஞ்சக்காரன் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

வீடு வந்து சேர்ந்து நான் நடந்ததைச் சொன்னதும் அக்கா வாசலை மறித்துக்கொண்டாள். "உள்ள வராதேங்கோ! அங்கேயே நில்லுங்கோ" என்று சொல்லி, எட்ட நின்று குடம் குடமாகத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். அவருடைய தோள் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளை அறையலாம் போலிருந்தது எனக்கு.

சில நாள் கழித்துத் துரை அவரை நிரந்தரமாக்கினார். "வண்டிக்குப் புதுக் கட்டை செய்ய வேண்டாம்" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல சேதி என்று அக்கா பாயசம் வைத்தாள். அத்திம்பேரும் குடித்தார்.

அடுத்த வருஷம் படகு ஏற்றும் நாள் வந்தது. யாரும் சொல்லவில்லை. அத்திம்பேர் கோட்டையும் சட்டையையும் கழற்றி என் கையில் கொடுத்தார். மாட்டுத்தோலைத் தானே எடுத்து, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றார். அன்று காலையிலேயே அக்கா வாசலில் குடங்களை நிரப்பி வைத்துவிட்டிருந்தாள்.