குளவி கொட்டிய நாளில் எனக்கு வழி காட்டியவர்கள்

போன வருடம் கந்த சஷ்டி விரதம் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. தெரணியகலைக்கு மேலே, தேயிலை முடிந்து பெருங்காடு தொடங்குகிற மலையில். பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டி வருவதுதான் என் வேலை. அதற்கு முன்பு தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஓடவில்லை. பறவைகளின் இங்கிலீஷ் பெயர்களை எல்லாம் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வாரம் என் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. விரதம் இருந்த களைப்பு ஒரு பக்கம். சூரசம்ஹாரத்தன்று சாமி தூக்கியதில் தோள் வீங்கியிருந்தது. மழையும் விட்டபாடில்லை. விடியற்காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டே வீட்டுக்காரி சொன்னாள்.

"தோளு வீக்கம் இன்னும் வத்தலை. இந்தக் கூட்டத்த வேற யாருகிட்டயாவது குடுத்தா என்னங்க?"

"வர்றேன்னு சொல்லிட்டேனே."

"சொன்னா என்ன? அவங்களும் மனுசங்கதானே. காய்ச்சல்னு சொன்னா கேக்க மாட்டாங்களா?"

திருநீறு பூசிக்கொண்டு, ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

வந்தவர்கள் ஐந்து பேர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொழும்பு அம்மா ஒருவர். அவருடைய கணவர், கனத்த உடம்பு, முழங்கால் நோவு, கையில் ஊன்றுகோல். இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள். அவர் கழுத்தில் ஒரு பெரிய கேமரா. மற்ற இருவரும் அக்கா தங்கை. அதிகம் பேசாதவர்கள். காட்டுக்கு ஏற்ற ஆட்கள்.

பேச்செல்லாம் அந்த அம்மாவுடையதுதான். ஒரு பறவையைக் காட்டினால், பார்த்துவிட்டு நகர மாட்டார்.

"தம்பி, அது எந்த மரத்துல இருக்கு?"

"அந்த வளைஞ்ச மரத்துலம்மா."

"வளைஞ்ச மரம் ரெண்டு இருக்கே. பாசி புடிச்சதா, புடிக்காததா?"

"பாசி புடிச்சதுதாம்மா."

"நமக்கு எந்தக் கைப் பக்கம்?"

நானா சிரிப்பார். "ஆன்ட்டி, பறவைக்கிட்ட அட்ரஸ் கேக்குறீங்க. கடிதம் போடவா?"

"இடத்தோட பாத்தாத்தான் எனக்கு மனசுல நிக்கும். நீங்க போட்டோ எடுத்துட்டு மறந்துடுவீங்க."

"எனக்கும் இதே விசாரணைதான்," என்றார் அவர் கணவர். "எங்க போனீங்க, யாரு பக்கத்துல உக்காந்தீங்க. கலியாணம் முடிச்ச நாள்லேருந்து."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தமும் எனக்குக் கால் வலி. 'முருகா, என் வாயைக் கட்டு' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மழையில் பறவைகள் ஒடுங்கிவிட்டன. தோட்ட ஓரத்தில் மலை மைனா இரண்டு, கொஞ்சம் உள்ளே ஒரு மரங்கொத்தி, ஒரு கரிச்சான். பிறகு சிங்களத்தில் கெஹிபெல்லா என்று சொல்கிற அந்த நீலப் பறவை, ஒரு மின்னல் போல; நானாவுக்கு ஒரே ஒரு படம் கிடைத்தது. காட்டுக்குள் ஒரு தீக்காக்கை, செந்நிற வயிற்றைக் காட்டிவிட்டுப் போனது. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அட்டைதான். காலுறைக்கு மேலே ஏறி ஏறி வந்தது. அவர்கள் முகம் வாடிப் போனதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஒன்றையும் காட்ட முடியவில்லையே என்ற சங்கடமும் என் களைப்போடு சேர்ந்துகொண்டது.

அப்படியே ஓடையைத் தாண்டி, பெரிய கற்பாறை வளைவுக்கு வந்தோம். அங்கே ஒரு உயரமான மரம். அதன் கொம்புக்குக் கீழே குளவிக் கூடுகள் தொங்கும். மலைத்தேனீ என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அதுவும் குளவிதான். சத்தம் போடாமல் தாண்டிப் போக வேண்டிய இடம். அதைச் சொல்லி வாய் மூடவில்லை, மரத்துக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டது.

"தம்பி, இது தேன் பருந்துதானே?" அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். "இத்தனை வருசம் இதைத்தான் தேடுறேன்."

தேன் பருந்துதான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் பருந்து கூட்டுக்கு மேலே சுற்றினால் கங்காணி சத்தம் போடுவார். கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுப் பெண்கள் ஓடுவார்கள். கூட்டைக் கலைப்பது பருந்து, கொட்டு வாங்குவது கீழே நிற்கிறவர்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செத்துப்போனவர்கள் உண்டு.

ஆனால் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அந்த ஐந்து முகமும் மலர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நானாவின் கேமரா படபடவென்று அடித்தது. கொஞ்சம் பார்க்கட்டுமே என்று நின்றுவிட்டேன். அவர்களைத் திருப்பிக் கீழே இறக்க வேண்டுமே என்ற அலுப்பும் இருந்தது.

பருந்து இறங்கி ஒரே அறை. அடை பிய்ந்து விழுந்தது. பிறகு அந்த இரைச்சல்.

"ஓடுங்க. ஓடைப் பக்கம் ஓடுங்க. கைய வீசாதீங்க, தலைய மூடிக்கிட்டு ஓடுங்க."

நான்கு பேர் ஓடிவிட்டார்கள். அந்த அம்மாவின் கணவர் மட்டும் முழங்கால் மடங்கிப் பாறையோரம் உட்கார்ந்துவிட்டார். நான் போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டு, ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரோடு ஒட்டிக் குப்புறக் கிடந்தேன். யோசித்துச் செய்ததில்லை. கோட்டு ஒருவருக்குத்தான் போதும். அவ்வளவுதான்.

இரைச்சல் அடங்கியபோது என் முகம் என் முகமாக இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு ஓடை வரை வந்தேன். அதற்குள் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. உதடு தடித்து, நாக்கும் தடித்தது. மற்றவர்களுக்கும் ஒன்றிரண்டு கொட்டு. எனக்கு எத்தனை என்று யாராலும் எண்ண முடியவில்லை. நெஞ்சு இறுகிக்கொண்டு வந்தது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதும் தெரியும். விறகுக்குப் போகிறவர்கள் வெட்டிய பாதைகள் அந்தக் காட்டில் கிளை கிளையாகப் பிரியும். ஒன்றில் மாறினால் மறுபக்கத்துப் பள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சொல்ல வாயெடுத்தேன். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

"சிக்னல் இல்லை," என்றார் நானா.

"இவரே இப்படின்னா நாம எப்படி வெளிய போறது?" தங்கைக்காரி அழத் தொடங்கினாள்.

"வந்த வழியாத்தான்," என்றார் அந்த அம்மா. "எனக்கு நினைவிருக்கு."

"நம்ம வீட்டுச் சந்தியிலயே உனக்கு வழி தப்பும்," என்றார் கணவர்.

"வீட்டுச் சந்தியில தீக்காக்கை இல்லையே. நடங்க."

என் ஒரு கையை நானா பிடித்துக்கொண்டார். தோளில் அந்தக் கணவர் கை வைத்தார். இருட்டுக்குள் நடந்தேன். எத்தனையோ பேரை இந்தப் பாதையில் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு வேரும் எனக்குப் புதிதாகத் தட்டியது.

பாதை பிரிகிற முதல் இடத்தில் அந்த அம்மா நின்றது தெரிந்தது.

"தீக்காக்கை செத்த மரத்துக் கொம்புல இருந்துச்சு. அப்போ வலது கைப் பக்கம். இப்போ திரும்பி வர்றோம், அந்த மரம் இடது கைப் பக்கம் வரணும். அந்தா நிக்குது."

சரியான பாதை. எனக்குக் கால் சொன்னது. இறங்க இறங்கத் தரை மணலாக வரும் இடம் அது. சரி என்று நானாவின் கையை அழுத்தினேன்.

அடுத்த பிரிவில் சண்டை வந்தது. அந்த அம்மா ஒரு பக்கம் காட்ட, அக்காக்காரி இன்னொரு பக்கம் என்றாள்.

"கெஹிபெல்லா மூங்கிலுக்கு மேலதான் போச்சு," என்றார் அம்மா.

"ரெண்டு பக்கமும் மூங்கில் இருக்கேம்மா."

"நானா, உங்க போட்டோவப் பாருங்க. பின்னால என்ன தெரியுது?"

நானா கேமராவைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். அந்த நேரம் எனக்கு உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. உட்கார்ந்தால் எழும்ப மாட்டேன் என்றும் தெரிந்தது. அது ஒன்றும் பயமாகக்கூட இல்லை. அவ்வளவு களைப்பு. பாதையிலேயே உட்காரப் போனேன். தோளில் இருந்த கை இறுகியது.

"தம்பி, உக்காராதீங்க. நீங்க உக்காந்தா நானும் உக்காந்துடுவேன். நம்ம ரெண்டு பேரையும் இவங்களால தூக்க ஏலாது."

நின்றேன். முருகா, முருகா என்பதைத் தவிர மனதில் வேறு ஒன்றும் ஓடவில்லை.

"பின்னால ஒரு பாறை, அதுல வெள்ளையா கோடு," என்றார் நானா.

"அந்தப் பக்கம்தான் பாறை," என்றாள் அக்காக்காரி. "நீங்க சொன்னதுதான் சரிம்மா."

அதற்குப் பிறகு அந்த அம்மா நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். இங்கே கரிச்சான், இங்கே மரங்கொத்தி, இங்கே பறவை ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும் குடித்தோம் என்று. என் காதுக்கு அது கோயிலில் யாரோ போற்றி சொல்வது போலக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலடி எடுத்து வைத்தேன். கடைசியில் தேயிலைச் செடி என் காலில் உரசியது. மழையில் நனைந்த கொழுந்தின் வாசம். தூரத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களின் பேச்சு.

"யாரு, நம்ம கைடு அண்ணனா? அடியே, மொகத்தப் பாருங்கடி. சுண்ணாம்ப எடுத்துட்டு ஓடியா."

"குளவி. பருந்து கலைச்சிருச்சு," என்றார் நானா.

"நல்லாயிருக்கு. காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போன ஆள, கொழும்புக்காரங்க கூட்டிட்டு வர்றாங்க," என்றாள் ஒருத்தி. பேசிக்கொண்டே அவள் விரல்கள் என் முகமெல்லாம் சுண்ணாம்பு தடவின. இன்னொருத்தி மகனுடைய திரீவீலரைக் கூப்பிட்டு விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தொண்டை முழுக்க அடைத்திருக்கும் என்று டாக்டர் சிங்களத்தில் யாரிடமோ சொன்னது கேட்டது. வீட்டுக்காரி வந்து சேரும்வரை அந்த அம்மா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள்.

"மன்னிச்சிருங்கம்மா," என்று அவளிடம் சொன்னார் அந்த அம்மா. "உடம்புக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்திருக்கவே மாட்டோம்."

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பாள். அந்த நேரத்தில் கண் மூடியிருந்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

கண் திறந்தபோது அவர்கள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்த ஐந்து முகத்தையும் நான் கடைசியாகப் பார்த்தது, அண்ணாந்து பருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான். பிறகு போனில் பேசினோம். நேரில் இன்னும் பார்க்கவில்லை.

இப்போதும் கூட்டம் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். களைப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. மழை வந்தால் தோள் வலிக்கிறது, முழங்கால் கெஞ்சுகிறது. முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லிப் பழகுகிறேன். முன்பெல்லாம் முருகன் முன்னால் நின்றால், எனக்கு இதைக் கொடு, அதைக் கொடு என்றுதான் வாய் ஓடும். இப்போது கண்ணை மூடியதும் அந்தக் காட்டு இருட்டு வந்துவிடுகிறது. கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோய், முழங்கால் நோவோடு நடந்த ஒரு மனிதரின் கை இன்னும் என் தோளில் இருப்பது மட்டும் தெரிகிறது.