இரண்டு நிமிடம் நிற்கும் ரயில்

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சோடிச் சிவப்புக் கம்பளிக் கையுறை கிடக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு அளவானது. இரண்டையும் நீளமான ஒரு பின்னல் கயிறு இணைக்கிறது. குளிர்நாட்டில் அந்தக் கயிற்றைக் கோட்டுக் கைகளுக்குள்ளால் விட்டுப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவார்கள், தொலையாது. சிட்னியில், இந்த வென்ட்வேர்த்வில்லில் கையுறைக்கு என்ன வேலை என்று மனைவி இரண்டு முறை அதைப் பழைய உடுப்புகளோடு சேர்த்துக் கட்டிவைத்தாள். இரண்டு முறையும் நான் உருவி எடுத்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

சித்தி பின்னி, சித்தப்பா அனுப்பிய கையுறை அது. சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. ஜெர்மனியில் ஒரு பேக்கரியில் வேலை. நான் மெல்பேர்னில், கிளேட்டனில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். அடுத்த ஞாயிறு சித்தப்பாவின் போன் வந்தது. அதன் பிறகு ஒரு ஞாயிறும் அவர் தவறவிட்டதில்லை. "சாப்பிட்டனியோ?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. பரீட்சையில் கோட்டைவிட்ட வாரமும் அதே கேள்விதான், வேலை கிடைத்த வாரமும் அதே கேள்விதான். எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளுக்கு ஐந்து வயதான பிறகும் அவளை அவர் நான் அனுப்பிய படங்களில் மட்டுமே பார்த்திருந்தார்.

அந்த வருடம்தான் எனக்கு ஐரோப்பியக் குளிர்காலத்தைப் பார்க்கும் ஆசை வந்தது. நான் தேர்ந்தெடுத்தது கலண்டர் படம் போன்ற ஒரு பழைய ஊர். மலையில் கோட்டை, ஆற்றுக்குக் குறுக்கே கல்பாலம், மரச்சட்டம் வைத்துக் கட்டிய சாய்ந்த வீடுகள், கூரையெல்லாம் பனி. அது சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தது. அங்கேதான் வந்தது வினை. சொந்தக்காரர் இருக்கும் இடத்தில் ஹோட்டலில் தங்குவது எங்கள் ஆட்களிடையே முகத்தில் அடித்த மாதிரி. அவர் வீட்டில் தங்கினாலோ நாலு நாளும் அந்த ஊர்த் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கதிரை நுனியில் இருந்து கல்யாண அல்பம் பார்த்து, கட்லட் சாப்பிட வேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் பறந்து போகிறோம் என்று நினைத்தேன். வெட்கங்கெட்டவன், அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே அந்தக் கோட்டை ஊரில் இறங்கவே மாட்டோம், ரயிலில் அதைக் கடந்து போகிறோம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். மனைவியிடம், சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன்.

"எத்தினை மணி ரெயின்?" என்றார் சித்தப்பா.

அட்டவணையில் கண்ட ஒன்றைச் சொன்னேன். பதினொன்று இருபது.

"அது ரெண்டு நிமிசம் நிக்கும். காணும் தம்பி, பிள்ளையை ஒருக்காக் கண்ணால கண்டாப் போதும். நீங்கள் இறங்க வேண்டாம், நான் பஸ்ஸில அந்த ஸ்டேஷனுக்குச் சாப்பாட்டோட வந்து நிக்கிறன்."

சொந்தக்காரர் வழியில் கடந்து போனாலும் சோற்றுப் பார்சலோடு ஸ்டேஷனில் போய் நிற்கும் வழக்கம் எங்களுடையது. அதை மறந்து இந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்த மடையன் நான். மறுக்க வழியில்லை. எந்தப் பெட்டி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நான் சொன்ன அந்த நாளில் நாங்கள் அந்த ஊர் ஹோட்டலில் ஆறுதலாகக் காலை உணவு சாப்பிட்டோம். கோட்டைக்குப் போகும் சின்ன ரயிலும் அதே ஸ்டேஷனில்தான். பன்னிரண்டுக்குப் போனால் அவர் வீடு திரும்பியிருப்பார் என்று கணக்குப் போட்டேன். பனியால் எல்லா ரயிலும் பிந்தியிருந்தது என் கணக்கில் இல்லை. மனைவி டிக்கெட் எடுக்கப் போனாள். நானும் மகளும் மேடைக்கு வந்தபோது எதிர்மேடையில் சித்தப்பா நின்றார். ஒரு கையில் துணிப்பை, மற்றக் கையில் பிளாஸ்க். தொப்பியிலும் தோளிலும் பனி. அதிகாலை வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறார், கால்சட்டையில் மாவு. நான் மகளின் கையைப் பிடித்து அறிவித்தல் பலகைக்குப் பின்னால் இழுத்தேன்.

பிந்தி வந்த அந்தப் பதினொன்று இருபது ரயில் எங்கள் பக்கத் தண்டவாளத்தில் வந்து நின்றிருந்தால் அவர் மறைந்திருப்பார். அது அவருக்கு அங்கால் பக்கத்தில் வந்து நின்றது. முன்பெட்டியிலிருந்து ஒவ்வொரு யன்னலாக, கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினார். அறுபது வயது மனிதர். நடுவில் ஒருமுறை சறுக்கி, பையை விடாமல் சமாளித்தார். பிறகு போனை எடுத்தார். என் சட்டைப் பைக்குள் அது அதிர்ந்தது. அப்போதாவது "சித்தப்பா!" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

"அந்த அங்கிள் யாரைத் தேடுறார்?" என்றாள் மகள்.

"தெரியாது" என்றேன்.

ரயில் போனது. அவர் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பின்னேரம் நானே போன் எடுத்து, ரயிலில் எல்லோரும் நித்திரையாகிவிட்டோம் என்றேன். "பிள்ளைக்குக் களைப்பாக்கும்" என்றார். "யன்னலெல்லாம் ஆவி பிடிச்சுக் கிடந்தது, எனக்கும் கண் சரியில்லை. நான்தான் வடிவாப் பார்க்கேல்லைப் போல." நான் செய்த பிழையைத் தன் கண்ணின் மேல் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, சிட்னிக்குக் கல்யாணத்துக்கு வந்த ஒருவர் கையில் இந்தக் கையுறை வந்து சேர்ந்தது.

ஏழு வருடங்கள் போய்விட்டன. போன மாதம் சித்தியின் தங்கை கிரெய்கிபர்னில் புதுவீடு குடிபுகுந்தாள். அதற்கு மெல்பேர்ன் போகும் வழியில் சித்தப்பாவுக்குச் சிட்னியில் மூன்று மணி நேரம் இருந்தது. "நீ மினக்கெடாத" என்றார். நான் விடிய எழும்பிக் குசினிக்குள் நின்று சோறும் மீன் குழம்பும் ஆக்கி, பார்சல் கட்டிக்கொண்டு மகளோடு விமான நிலையத்தில் போய் நின்றேன். பாவத்தைக் கழுவுகிறானாம்!

அவர் வெளியே வந்து எங்களைத் தேடினார். கழுத்தை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வீட்டில் எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் மகள், அவர் கிட்ட வந்ததும் அன்று பார்த்துத் தமிழில் கேட்டாள்: "அப்பா, ஸ்னோவில ரெயின் யன்னலுக்குள்ள பார்த்த அங்கிள் இவர்தானே? யாரைத் தேடுறார் எண்டு கேட்டனான். தெரியாது எண்டு சொன்னீங்கள்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். சோற்றுப் பார்சலைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. பிறகு அவர் மகளின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை, நான்தான். அண்டைக்குக் கையெல்லாம் விறைச்சிருக்குமே? கையுறை என்ர பைக்குள்ளயெல்லோ கிடந்தது."

சோற்றை முழுவதும் சாப்பிட்டு, மீன் குழம்பு நல்லாயிருக்கு என்றார். அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் போன் வந்தது, "சாப்பிட்டனியோ?" என்று. ஓம் என்றேன். போனை வைத்துவிட்டுக் கையுறையை எடுத்து மகளின் கையில் போட்டுப் பார்த்தேன். நாலு விரல்கூட உள்ளே போகவில்லை.