இடது பின்சக்கரம்

இது நடந்தது. நடந்ததா என்று எனக்கே சந்தேகம் வரும்போதெல்லாம் நோட்டை எடுத்துப் பார்க்கிறேன். நேரங்கள் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

பகலில் மருந்துக்கடை வேலை. மாலை வகுப்பில் கார் மெக்கானிக் படிப்பு. சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. செய்கிற ஒவ்வொரு வேலையையும் நேரத்தோடு எழுதி, முடிந்ததும் டிக் போட வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம். எனக்கு அது நன்றாகவே ஒத்துப்போனது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

அக்கா வாங்கிய பழைய காரில், இடது பின்சக்கரத்தின் ஐந்து ஸ்டட்களில் இரண்டு உடைந்துவிட்டன. ஸ்டட் என்றால், சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பி. சக்கரத்தை மாட்டி, நட்டை அதில்தான் முடுக்குவோம். புது ஸ்டட் இரண்டு வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறைகள் மூடியிருந்தன. மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். போன மாதம் ஒரு தடவை தவறியதற்கே அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. எங்கள் வீடு இருக்கும் மேட்டுக்கு அந்த நேரத்தில் வாடகை வண்டி எதுவும் வராது.

மாலை 5.20. ஷெட்டில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"கணக்குப்பிள்ளை, மணி எழுதுனது போதும். நட்டைக் கழட்டு."

"நான் கத்தும்போது நீ பிரேக்கை அழுத்துக்கா. அது போதும்."

"அழுத்தறேன். அதுக்கும் நேரம் குறிச்சுக்கோ."

சக்கரம், பிரேக், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தேன். 6.02க்கு உடைந்த துண்டுகளைச் சுத்தியலால் அடித்து வெளியே தள்ளினேன். தகரக் கூரை அதிர்ந்தது. காது அடைத்துக்கொண்டது.

புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து சொருகி, முன்னால் வாஷர் அடுக்கி, நட்டை முடுக்கினால் அது உள்ளே இழுபட்டு உட்காரும். ஆனால் முடுக்க முடுக்க ஹப்பும் சேர்ந்து சுற்றியது. நான் குந்தியிருந்த இடத்திலிருந்து டிரைவர் சீட் தெரியாது.

6.14. "அழுத்துக்கா!"

"ம்."

ஹப் அப்படியே நின்றது. கறக்... கறக்... ஸ்டட் இறங்கி உட்கார்ந்தது.

6.17. "விடு!" ஹப் மறுபடி லேசாகச் சுற்றியது.

இரண்டு விஷயங்கள் உறுத்தின. பிரேக்கை அழுத்தியபோது பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழவில்லை. பல்பு போயிருக்கும் என்று எழுதிக்கொண்டேன். இன்னொன்று அந்த "ம்". அது முன்னாலிருந்து வரவில்லை. தாழ்வாக வந்தது... தரையோடு தரையாக. என் காதுதான் சரியில்லை என்று அதையும் எழுதினேன்.

6.21. "அழுத்து!"

"ம்."

கறக்... கறக்...

"டேய்! அப்பா வாந்தி எடுக்கறாருடா! ஓடி வா!"

அக்காவின் குரல்.

வீட்டுக்குள்ளிருந்து.

எழுந்து பார்த்தேன். சீட் காலி.

ஹப்பைத் திருப்பிப் பார்த்தேன்.

அசையவில்லை.

ஓடினேன்.

"நீ எப்போக்கா உள்ள வந்தே?"

"நீ டமார் டமார்னு அடிக்க ஆரம்பிச்சப்பவே. சொல்லிட்டுத்தானே வந்தேன்!"

7.05க்கு அக்கா டார்ச் அடிக்க, எல்லாவற்றையும் திருப்பி மாட்டினேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. கடைசி வேலை, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்ப்பது. அதையும் செய்யவில்லை. பயம். அந்த வரிக்கு நேரே டிக் மட்டும் போட்டேன். அந்த நோட்டில் நான் போட்ட ஒரே பொய் டிக் அதுதான்.

திங்கள், காலை 6.25. அக்கா ஓட்டினாள். வண்டி திணறியது. எதுவோ கருகும் வாடை.

"இடது பக்கம் ஏதோ பிடிச்சு இழுக்குதுடா."

பின்சீட்டில் இடது ஓரம் அப்பா. கண் மூடியிருந்தவர் சொன்னார்: "என் காலுக்குக் கீழ யாரோ முனகறாங்க."

பதினைந்து நிமிட வழிக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. அக்கா அப்பாவை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போனாள். 7.30க்கு, காரை எங்களுக்கு விற்றவருக்குப் போன் செய்தேன்.

"இடது பின்சக்கரம் பிடிக்குது. உங்ககிட்ட இருந்தப்பவும் இப்படித்தானா?"



"ஸ்டட் மாத்துனீங்களா?"

"ஆமா. நேத்து."

"ஹப்பை யாரு பிடிச்சா?"

"பிரேக்கை அழுத்தி..."

"டிஸ்க்கைக் கழட்டிட்டா பிரேக் எதைத் தம்பி பிடிக்கும்?"

இதை வகுப்பில் இரண்டாவது வாரமே படித்திருக்கிறேன்.

"அதனாலதான் என் மச்சான் அடியில படுத்து, கையால பிடிச்சுக்கிட்டான். நான் முடுக்கினேன். பாதியில போன் வந்துச்சு. 'விடு'ன்னு சொல்லாம எழுந்து போயிட்டேன். ஜாக்கி நழுவிருச்சு... வண்டியைத் தூக்குனப்பவும் அவன் கை அதை விடலை, தம்பி."

"விக்கும்போது ஏன் சொல்லலை?"

போன் கட்டாகிவிட்டது.

நோட்டைப் புரட்டினேன்.

6.14 அழுத்து. 6.17 விடு.

6.21 அழுத்து.

அதற்கு நேரே... ஒன்றும் இல்லை.

7.41. பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"விடுங்கண்ணே."

"ம்."

கைப்பிரேக் போட்டிருந்த வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது.

மதியம் 12.10. திரும்பும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அக்காவிடம் மட்டும் தனியாக விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அப்பாவிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

அவர் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏன்ப்பா?"

"அவன் இன்னும் போகலடா" என்றார். "அடுத்து என்ன செய்யணும்னு கேக்கறான்."