விளக்குப் போடுகிறவர் எந்தப் பக்கம்?

சாவியக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரைப் பொறுமைசாலி என்று எழுதிவிடக் கூடாது. அவருக்குப் பொறுமை கிடையாது. பிளாஸ்டிக் தொழிற்சாலை இயந்திரம் அவருடைய இரண்டு விரல்நுனிகளை எடுத்துக்கொண்டபோது, மேற்பார்வையாளரை மறு கையால் அறைந்துவிட்டு வெளியே வந்தவர் அவர். பிறகுதான் எங்கள் சபைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டடத்தின் எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கியதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நான் அந்தச் சபையின் செயலாளர்.

எங்களுடையது ஓய்வுநாள் சபை. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதிலிருந்து சனிக்கிழமை சூரியன் இறங்கும்வரை வேலை செய்ய மாட்டோம். கடைசிக் காலத்தில் உலகம் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் வேதம் சொல்லும் மிருகத்தை வணங்குகிறவர்கள், மறு பக்கம் கடவுளின் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொள்கிறவர்கள். அந்த நாளை ஆசரிப்பதுதான் கடவுள் தம்முடையவர்கள்மேல் போடும் முத்திரை. இதை நாங்கள் நம்புகிறோம். நானும் நம்புகிறேன். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பத்துக் கற்பனைகளில் நான்காவது, நீ மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது என்கிறது. உன் வேலைக்காரியும், உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது. சிறுவர் வகுப்பிலேயே இதை ஒப்பிக்க வைக்கிறோம். ஒப்பித்துவிட்டு, சாவியக்கா விடியுமுன் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து ஆராதிப்போம். பிறகு சேர்ந்து சாப்பிட்டு, எச்சில் தட்டுகளை அவர் முன்னால் அடுக்கிவிட்டுப் போவோம். தட்டுக் கழுவுவது வேலை, ஓய்வுநாளில் நாங்கள் செய்யலாகாது. அவர் அங்கத்தினர் இல்லை, அவருக்கு அந்தக் கட்டளையும் இல்லை என்பது சபையை நடத்தும் மூப்பர்களின் வாதம். சனிக்கிழமைக் கூலியை மறுநாள் உறையில் போட்டு அன்பளிப்பு என்று கொடுத்தார்கள். கூலி வாங்கினால்தானே வேலைக்காரி.

தண்ணீரில் முழுக்கி அங்கத்தினராக்கும் ஞானஸ்நானத்தை அவர் பலமுறை கேட்டார். ஒருமுறை, இன்னும் பாடம் படிக்கட்டும் என்றார்கள். இன்னொருமுறை, முன்கோபம் அடங்கட்டும் என்றார்கள். "உலகம் அழியற அன்னிக்கும் உன்னைத்தான் கூட்டச் சொல்லுவாங்கம்மா" என்று அவருடைய மகள் கேலி செய்வாளாம். சாவியக்காவுக்கு அது கேலியாகப் படவில்லை. கேட்ட செய்தியை அவர் அப்படியே நம்பினார். தவறான பக்கத்தில் நின்றுவிடுவோமோ என்று உண்மையிலேயே பயந்தார்.

ஒரு சனிக்கிழமை வெளியூர்ப் பிரசங்கியார் திரையில் படம் காட்டிக் கடைசிக் கால எச்சரிக்கை கொடுத்தார். கடலிலிருந்து ஏறும் மிருகம், நடுவானில் பறக்கும் தூதர்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் அவர் கையைத் தூக்க, சாவியக்கா விளக்கை அணைப்பார், மறுபடி போடுவார். ஓய்வுநாளில் தன் தொழிலைச் செய்கிறவன் கையில் மிருகத்தின் அடையாளம் விழும் என்று முடித்தார் பிரசங்கியார். கூட்டம் கலைந்ததும் சாவியக்கா அவரிடம் போனார்.

"ஐயா, அன்னிக்கு லைட்டு போடறவங்க எந்தப் பக்கம்?"

அவர் சிரித்தார். சீக்கிரம் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வண்டியேறினார்.

சாவியக்கா மறுபடி மனுக் கொடுத்தார். மூப்பர்கள் கூடினார்கள். போதகர் தலையைக் குனிந்தபடி இருந்தார். தலைமை மூப்பர் வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "அந்தம்மாவுக்கு முழுக்கு குடுத்துட்டா சனிக்கிழமை கக்கூஸை யார் கழுவறது?" என்றார். நான்காம் கற்பனை அதற்குத்தான் இருக்கிறது என்றேன். அதை வேறொரு நாள் பேசலாம் என்றார்கள். விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது.

தீர்மானத்தை மட்டும் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். ஒருவர் பேசியதை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கக்கூஸ் வரைக்கும் சொன்னேன். சாவியக்கா ஈரத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

அடுத்த சனிக்கிழமை சபை முழுவதும் தெருவில் நின்றது. கூடம் பூட்டிக் கிடந்தது. துவைத்துத் தேய்த்த உடையில், வேதப்புத்தகத்துடன், சாவியக்காவும் கூட்டத்தில் ஒருவராக நின்றார். கதவைத் திறக்கச் சொன்னார் தலைமை மூப்பர்.

"நேத்து சூரியன் இறங்கினதும் வேலையை நிறுத்திட்டேன் ஐயா."

"சாவி எங்கம்மா?"

"வீட்டுல ஆணியில தொங்குது. எடுத்துட்டு வந்து தொறக்கறது வேலையா இல்லையான்னு நீங்களே பேசி முடிச்சுக்குங்க."

மூப்பரின் மருமகன் போய் எடுத்து வந்தான். உள்ளே நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. கூட்டாத தரை, காய்ந்த குடிநீர்ப் பானை. கழிவறைப் பக்கம் போன பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். சாவியக்கா ஒரே ஒரு நாற்காலியை உருவி, முதல் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்று ஆராதனையில் பாதிப் பேர் பாடவில்லை. எவ்வளவு திமிர் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார். திமிர்தான். யாருடைய திமிர் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

இப்படியே விட்டால் கூடம் நாறிவிடும் என்று தெரிந்ததும் மூப்பர்களுக்கு இரக்கம் பிறந்தது. கோபம் தணிந்து பழையபடி வேலை செய்வார் என்ற கணக்கில், பதினைந்து நாளில் ஞானஸ்நானம் என்று அறிவித்தார்கள்.

ஞானஸ்நானத் தொட்டி மேடைக்கு அடியில், பலகைகள் போட்டு மூடியிருக்கும். அந்தச் சனிக்கிழமை வெள்ளை அங்கியில் சாவியக்கா படியருகே நின்றார். பலகைகளைத் தூக்கினார்கள். தொட்டி வறண்டு காய்ந்து கிடந்தது. மூலையில் செத்த கரப்பான். வெள்ளிக்கிழமை பகல் முழுக்கத் தேய்த்து, நூலாக வரும் குழாய்த் தண்ணீரில் அதை நிரப்பி வைப்பவர் எப்போதும் அவர்தான். இம்முறை அவர் அதைத் தொடவில்லை, வேறு யாருக்கும் அது தோன்றவேயில்லை.

அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார் தலைமை மூப்பர். சாவியக்கா படிகளில் இறங்கி, அடித்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் எழுந்திருக்கறதா இல்லை. தண்ணி கொண்டு வாங்க."

ஓய்வுநாளில் தண்ணீர் சுமக்கக் கூடாது என்றார் மூப்பர். பிறகு குரலைத் தணித்து, சூரியன் இறங்கட்டும், அப்புறம் நிரப்பிவிடலாம் என்றார்.

"சூரியன் இறங்கினா அந்த நாள் போயிடுமே. இதே நாள்லதான் உங்களுக்கெல்லாம் ஆச்சு. அன்னிக்கும் குழாய் நின்னுபோனா தெருமுனையிலிருந்து நான்தான் சுமந்தேன். அந்தத் தண்ணியில முங்கித்தான் ஒவ்வொருத்தரும் எழுந்தீங்க. அது செல்லும்னா இதுவும் செல்லும். அது செல்லாதுன்னா நீங்க யாரும் முழுக்கு எடுக்கவே இல்லை."

சிலர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் எழுந்தது தலைமை மூப்பரின் மனைவி. "வழி விடுங்க" என்று கணவரை ஒதுக்கிவிட்டு, பின்கட்டிலிருந்து ஒரு வாளியோடு வந்தார். போதகர் செருப்பைக் கழற்றினார். பிறகு தவலை, சோற்றுப் பானை, பிள்ளைகள் கையில் தண்ணீர்ப் போத்தல். தெருக் குழாயிலிருந்து மேடைவரை வரிசை நீண்டது. மூப்பர் தன் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

உட்கார்ந்த நிலையில் தண்ணீர் சாவியக்காவின் மார்பளவு ஏறியபோது வெளியே வெயில் இன்னும் இருந்தது. நனைந்த முழுக்கைச் சட்டையுடன் போதகர் இறங்கி, அவரை மல்லாத்தி முழுக்கித் தூக்கினார். பாட்டு எழும்பியது. சாவியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினார். சிரிக்கவில்லை.

"நாளைக்கு இந்தத் தொட்டியைக் கழுவறது யார் முறைன்னு இப்பவே சொல்லிடுங்க."

பதில் வரும்வரை அவர் மேலே ஏறவில்லை.