சம்பல் போத்தலில் கட்டிய சிவப்பு நூல்

குசினியில் நின்று சம்பல் கிண்டுகிறவளுக்குக் கண்ணெரிவும் கையெரிவும் தொழிலோடு வருகிறவைதான். பேரைப் பறிகொடுக்கிற எரிவு என்று ஒன்றும் இருக்கிறது என எனக்கு முதலில் சொன்னவர் சிவம் அண்ணை. துறைமுகத்தில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கொரோனா ஊரடங்கு எடுத்த அடுத்த மாதம், வெளிநாடு போகிற மகனுக்கு நெத்தலிச் சம்பல் வாங்க வந்து, போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிள் இல்லை. கழுத்தில் ஒரு சிவப்பு நூல் மட்டும்.

அந்த நூலின் கதை இதுதான். வீட்டுக்காரர் கண்ணை மூடின பிறகு பிள்ளைகளைப் படிப்பிக்க இந்தத் தொழிலில் இறங்கினேன். மீன் சாமான் சாமியறைக்குள் போகாது. அதனால் நூலை மட்டும் விளக்குக்கு முன்னால் வைத்து, தின்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கும்பிட்டு, குசினிக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு போத்தலிலும் கட்டுவேன். சனம் தானாகவே "நூல் கட்டின சம்பல்" என்று பேர் வைத்துவிட்டது. என்னைப் போல வீட்டில் கிண்டியும் இடித்தும் பொரித்தும் விற்கிற சகோதரிகளே, உங்கள் சாமானுக்கும் சனம் இப்படி ஒரு பேர் வைத்திருக்கும். சிவம் அண்ணை சொன்னதை நீங்களும் கேளுங்கோ:

"தங்கச்சி, போத்தலை இறுக்கி மூடிப்போட்டு பேரைத் திறந்து விட்டிருக்கிறீங்கள். ஒன்லைனிலயாவது பதிஞ்சு வையுங்கோ."

கிண்ணியாக் கடை

கிண்ணியாவில் றிசானா என்று ஒரு முஸ்லிம் தங்கச்சி சின்னக் கடை வைத்திருக்கிறா. பேரைப் பதிகிற யோசனை வந்தபோது அவவிடம்தான் முதலில் கேட்டேன். நூல் என்ர சமயத்து வழக்கம். உங்கட ஆட்களுக்கு அது மனச் சங்கடமாக இருக்குமோ, உங்களுக்குத் தாற போத்தலில் கழற்றி விடவோ என்று.

அவ மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தா. தராசில் இருந்து கண்ணை எடுக்கவேயில்லை. தூரத்தில் வைத்தே உங்கட போத்தலை அடையாளம் காண்கிறது அந்த நூலால்தான், கழற்றினால் தேடி வாற ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றா. நான் இன்னும் இழுத்துக்கொண்டு நிற்கவே, சிரித்தபடி சொன்னா:

"நாங்க நூலையா திங்கப் போறம் அக்கா?"

மீனா, மசாலாவா

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கொமினிகேசன் கடையில் இருக்கிற தம்பிதான் எங்கள் தெருவுக்கே எழுத்து வேலை பார்க்கிறவர். பாஸ்போட், பரீட்சை முடிவு, கட்டார் வேலை விண்ணப்பம், எல்லாம் அவர் கையால்தான். கொழும்புக்கு அலையாமல் இருந்த இடத்திலேயே "நூல் கட்டின சம்பல்" என்ற பேரை வியாபாரக் குறியாகப் பதியலாம் என்றபோது மனதுக்குள் கற்பூரம் கொளுத்தினேன். போத்தலை நூலோடு படம் பிடித்தார். பக்கத்தில் இருந்த அவருடைய தேத்தண்ணிக் கோப்பையும் படத்தில் விழுந்தது. அதை வெட்டி எடுத்தார். "ஈமெயில் இருக்கோ அம்மா?" என்றார். இல்லை என்றேன். கடையின் ஈமெயிலையும் தன்னுடைய போன் நம்பரையும் போட்டார். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான்.

பிறகு சாமான் எந்த வகுப்பு என்று படிவம் கேட்டது. "நெத்தலி மீனுக்குள்ள வருது அம்மா. சம்பல் மசாலாப் பக்கம் வருது. நெத்தலிச் சம்பலை எங்க போடுறது?" எனக்கு என்ன தெரியும். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து யோசித்தார்கள். மீன்தான் என்றார் ஒருவர். மீனை விட மிளகாய்தானே கூட என்றார் இன்னொருவர். அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது:

"சோத்துக்குப் பக்கத்தில வருது எண்டு போடுங்கோ தம்பி, எங்களுக்கும் நேரம் போகுது."

ஒரே றாக்கை

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முதலாளிக்குப் பல வருசமாகப் போத்தல் கொடுத்தனான். பேர் வேண்டாம். கோயிலில் முன்வரிசையில் நின்று கும்பிடுகிறவர். விண்ணப்பம் போய்க் கன காலம் கழித்து ஒருநாள் பையோடு போகிறேன், றாக்கையில் ஏற்கெனவே சிவப்பு நூல் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. முதலில் என்னுடையவை என்றே நினைத்தேன். கிட்டப் போனால், பளபளவென்று லேபிள். அதில் "நூல் கட்டின சம்பல்" என்று அச்சடித்திருக்கிறது.

"முதலாளி, இது ஆரிட?"

"எங்கடதான் அக்கா. புல்மோட்டையில இருந்து நெத்தலி எடுத்து நாங்களே போடுறம்."

"நூல்?"

அவர் கல்லாப்பெட்டியை மூடினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்கள் சாமிக்குக் கட்டுறீங்கள் அக்கா, நான் சாமானுக்குக் கட்டுறன். முறைப்படி பதிஞ்சும் இருக்கு."

ஊருக்கே ஒரு ஈமெயில்

அங்கிருந்து நேரே கொமினிகேசனுக்கு ஓடினேன். "தம்பி, என்ர பதிவு என்ன மாதிரி?" அவர் கணினியைத் திறந்து விரலால் உருட்டினார், உருட்டினார், கடிதங்கள் முடியவேயில்லை. யாரோ ஒருவரின் விசா, யாரோ ஒரு பிள்ளையின் பெறுபேறு, ஒரு வங்கிக் கடிதம். ஊர் முழுக்க அந்த ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

எனக்கு வந்ததும் கிடந்தது. படத்தைத் தெளிவாக அனுப்புங்கள், தமிழ்ச் சொல்லுக்கு விளக்கம் தாருங்கள் என்று பதிவு அலுவலகத்தில் இருந்து கேட்டிருந்தார்கள். தவணையும் தந்து, மறுபடியும் ஞாபகப்படுத்தியிருந்தார்கள். பதில் போகாததால் என் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் பிழை சொல்ல ஏலாது. தம்பிக்கு முகம் செத்துப் போயிற்று. அவரையும் ஏச மனம் வரவில்லை. அவராகவே சொன்னார்:

"என்ர கலியாணத்துக்கு மாமா அனுப்பின வாழ்த்தையே பிள்ளை பிறந்த பிறகுதான் அம்மா கண்டனான்."

பஞ்சாங்கம் போதாது

பிறகு முதலாளியின் வக்கீலிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. போத்தலில் சிவப்பு நூல் கட்டுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கிற ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனேன். என் மகளின் வயதுதான் இருக்கும். வடிவாக விளங்கப்படுத்தினா. முதலாளியின் குறியை அரசாங்கக் கெசட்டில் போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பு இருந்தால் சொல்லத் தவணை கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்துபோயிற்று. இனிக் கொழும்பில் வழக்குப் போட்டுத்தான் அழிக்க வேண்டும். அதுக்கு வருசக் கணக்கில் ஓட வேணும்.

"நான் வாசிக்கிறது பஞ்சாங்கம் மட்டும்தான் பிள்ளை, கெசட்டை ஆர் கண்டது?" என்றேன். அவ சிரிக்கவில்லை. வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் இப்போதைக்குக் கட்டாதேங்கோ என்றா. அது என்ர நேர்த்தி பிள்ளை, வியாபாரத்துக்குக் கட்டுகிறதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவ தண்ணீர் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தா:

"கும்பிடுறதை ஒருத்தரும் தடுக்கேலாது அம்மா. கட்டுறதைத் தடுக்கலாம்."

சாமித்தட்டில் பாஸ்வேர்ட்

மட்டக்களப்பில் படிப்பிக்கிற மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்குக்கு ஓட எங்களிடம் வசதி இல்லை, புதுப் பேரில் திரும்பப் பதிவோம் என்றாள். "மனோ அம்மா நெத்தலிச் சம்பல்" என்று என் பேரையே வைத்தோம். முதல் வேலையாக எனக்கென்று ஒரு ஈமெயில் திறந்து தந்தாள். பாஸ்வேர்டை நானே அமத்தினேன். விண்ணப்பமும் போயிற்று. இப்போது காலையில் விளக்கேற்றியதும் போனைத் திறந்து கடிதம் வந்திருக்கோ என்று பார்க்கிறது என் பூசையில் ஒரு பகுதி.

மகள் திரும்பிப் போய் அடுத்த கிழமை போன் எடுத்தாள். பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கோ என்று கேட்டாள். எழுதிப் பத்திரமாகச் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன் என்றேன். அவள் உடனே சொன்னாள்:

"அம்மா, உங்கட சாமியை நான் நம்புறன். சாமியறைக்கு வாற ஆக்களைத்தான் நம்பேலாது."

துறைமுகக் கன்ரீன்

நூல் இல்லாமல் போத்தல் அடைத்த முதல் நாள், கை தானாகவே கழுத்துப் பக்கம் போனது. விளக்குக்கு முன்னால் வைத்த நூலை எடுத்து, கும்பிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தேன். முதலாளிக்கு நான் கெடுதல் கேட்டதில்லை. முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு அவர் என்ன கேட்கிறார் என்று அறியத்தான் ஆசை.

புது லேபிள் ஒட்டிய போத்தல்களைத் துறைமுகத்துக் கன்ரீனுக்குக் கொண்டு போனேன். பேர் வைத்த சனம் அங்கே வேலை செய்கிறவர்கள்தான். கன்ரீன் நடத்துகிற அன்ரனித் தம்பி மேசையில் அடுக்கினார். சாப்பிட வந்த ஒருவர் ஒரு போத்தலைக் கையில் எடுத்தார், கழுத்தைப் பார்த்தார், வைத்துவிட்டுப் போனார். இன்னொருவரும் அப்படியே. இரண்டு பேரும் என் சம்பலில் சோறு தின்றவர்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அன்ரனித் தம்பி தலையைச் சொறிந்தார். என் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏலாமல் இருந்தது:

"குறை நினைக்காதேங்கோ அம்மா. போலிச் சம்பல் ஒண்டு வந்திருக்காம், நூல் இல்லாததை வாங்க வேண்டாம் எண்டு ஊருக்குள்ள கதை."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: கிண்டுகிற கைக்கு எரிவு, கிளிக் பண்ணுகிற கைக்குப் பேர். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடையில் கழுத்து வெறுமையாக ஒரு நெத்தலிச் சம்பல் போத்தலைக் கண்டால், ஒதுக்கி வைக்க முதல் லேபிளை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.